உப்புக் கரிச்ச மழை

உக்காருங்க, உக்காருங்க. நின்னுக்கிட்டுக் கேட்டா கதை முழங்காலுக்குத்தான் போகும். ஏய், அந்த மூலையில என்ன குசுகுசுன்னு? உங்க சம்பந்தி சண்டை எங்கயும் ஓடிப் போயிராது, அப்புறம் பேசிக்கிடலாம். செல்போனைக் கவுத்திப் போடுங்க. எல்லாரும் வாயை மூடிக்கிடுங்க, என்னைத் தவிர.

ஆச்சா?

"அம்மா, எனக்கு இன்னும் மனசு அடங்கலையே."

நல்லபெருமாள் இப்படித்தான் கேட்டாரு. கேட்டது வெயிலுகந்தம்மாகிட்ட.

முள்ளிச்செவலுக்குத் தெக்கே ஒரு மொட்டைப் பாறை. பாறை மேல ஒரு சின்ன மடம். அந்த மடத்து அம்மாதான் வெயிலுகந்தம்மா. தலையில ஒரு நரை கிடையாது. சிஷ்யன் நல்லபெருமாளுக்கோ மீசை வரைக்கும் வெள்ளை, பேரன் காலேஜுக்குப் போறான். ஊருல சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டாரு.

அம்மா திரும்பிப் பாத்தாங்க.

"இன்னைக்கு அளந்தாச்சா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"போய் அளங்க."

எப்பக் கேட்டாலும் இதான் பதில். மனசு அடங்கல, போய் அளங்க. தூக்கம் வரல, போய் அளங்க. கடவுள் இருக்காராம்மா? அளந்துட்டு வாங்க அண்ணாச்சி, பேசுவோம்.

எதை அளக்கிறதுன்னு கேக்கீங்களா? வானத்தை.

விவசாயம் படிக்கிற பிள்ளைங்க ஒரு தடவை வேன்ல வந்து, பாறை நல்லாத் திறந்த வெளியா இருக்குன்னு சில சாமானை நட்டு வச்சுட்டுப் போனாங்க. மரப்பெட்டிக்குள்ள ஒரு தெர்மாமீட்டர். கம்பி உச்சியில காத்துக்குத் திரும்புற ஒரு அம்பு. முக்கியமானது மழை டப்பா. தகரத்துல உருளை, மேல வாயைத் திறந்தாப்புல ஒரு புனல், உள்ள ஒரு பாட்டில். மழை பெஞ்சா தண்ணி புனல் வழியா பாட்டில்ல இறங்கும். விடிஞ்சதும் அதைக் கோடு போட்ட கண்ணாடிக் கிளாஸ்ல ஊத்தினா எத்தனை மில்லின்னு சொல்லிரும்.

அம்மா அதையெல்லாம் நல்லபெருமாள் தலையில கட்டிட்டாங்க.

அவரு யாரு தெரியுமா? பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஆயுசு பூரா கையில வாட்ச், வாயில விசில். அவரு சொன்ன நேரத்துக்கு ஒரு பஸ்ஸாவது கிளம்புச்சா? கிடையாது. டிரைவர் டீ குடிச்சு, கிளாஸைக் கழுவி, அந்தக் கடைக்காரன் மகளுக்கு வரன் பேசி முடிச்சாத்தான் பஸ். இவரு விசில் அடிச்சுக்கிட்டே நிப்பாரு. அந்தக் கடுப்போடதான் மடத்துக்கு வந்தாரு.

இங்க வந்து பாத்தா, மடத்துல பக்திப் பாட்டுப் போட ஒரு மைக்கும், கூரை மேல அதுக்கு ஒரு குழாயும் இருந்துச்சு.

விடுவாரா?

மூக்கை இப்படிப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க, அப்பத்தான் அந்தக் குரல் வரும்:

"முள்ளிச்செவல் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. மேற்கே இருந்து வரும் காத்து, மடத்துப் பாறை வழியாக, கிழக்கே செல்லும். வழியில் எங்கும் நிற்காது. மழை, பூஜ்யம் மில்லி."

முதல்ல ஊரு விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்புறம் ஒரு வருசம், "மழை போதும், விதைக்கலாம்"னு அவரு மைக்குல சொன்ன அன்னைக்கு விதைச்ச காடெல்லாம் சும்மா பச்சைப் பாய் விரிச்சாப்புல முளைச்சு வந்துச்சு. அதோட ஊரு சிரிப்பை நிப்பாட்டிருச்சு. அதுக்கு முந்தியெல்லாம் மண்ணுல விரலை விட்டு ஈரம் பாப்பாங்க. இப்ப காதுல விரலை விடாம இருந்தாப் போதும்னு ஆயிப்போச்சு.

தான் சொல்றதை ஒரு ஊரு நின்னு கேக்குதுங்கிற சுகம் அவருக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அந்த சுகத்தைப் பத்தி மட்டும் அம்மாகிட்ட அவரு மூச்சு விடல.

ஊரு அதோட நிக்குமா? மழை டப்பாவுக்குக் குங்குமம் வச்சுட்டாங்க. மறுநாள் மாலை. அதுக்கும் மறுநாள் புனல் ஓரத்துல எலுமிச்சம்பழம்.

"மழை டப்பா சாமி அல்ல. பொட்டு வைப்பதோ, மாலை போடுவதோ, பழம் குத்துவதோ கூடாது. மீறினால் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு இனிமே சொல்ல மாட்டேன்."

அதோட பொட்டு நின்னுச்சு. மாலை நின்னுச்சு.

அந்த வருசம் புரட்டாசி முடியப் போகுது. வானம் மூடும், உறுமும், ரெண்டு தூத்தல் போடும், முந்தானையை உதறிக்கிட்டுப் போயிரும். அம்புட்டுத்தான்.

அது கரிசக்காடு. உளுந்து விதைக்க மண்ணு ஒரு சாணாவது நனையணும். தூத்தல் ஈரத்தை நம்பி விதைச்சா விதை ஊறும், முளையும் விடும், அடியில ஈரம் இல்லாம ரெண்டே வெயில்ல கருகிரும். அப்புறம் நிசமாவே மழை வரும்போது விதைக்க வீட்டுல ஒண்ணும் இருக்காது. ஊரு பூரா விதையைக் கையில வச்சுக்கிட்டு, காதை மைக்குப் பக்கம் திருப்பி வச்சிருந்துச்சு.

அதுல ஒருத்தி தங்கப்பழம்.

பாறைக்குக் கீழதான் அவ காடு, சின்னக் காடு. புருசன் திருப்பூர் போறேன்னு போனவன், திருப்பூர் அவனை வச்சுக்கிடுச்சு. இவளும் ஒரு மகளும். விதை உளுந்தைச் சாம்பல்ல புரட்டிப் பானையில போட்டு, பானை வாயை மண்ணு வச்சுப் பூசியிருந்தா. ஆடியில வீட்டுல கஞ்சிக்கே வழியில்லாம இருந்தப்பக்கூட அந்தப் பூச்சை உடைக்கல.

சாயங்காலப் பூசைக்குச் செம்பும் கையுமா மடத்துக்கு வருவா. கடைசியில உக்காருவா. நல்லபெருமாள் அவ குரலைக் கேட்டதே இல்ல.

"பிரசாதம் வேணுமாம்மா?"

தலையாட்டுவா.

"மகளுக்கும் கொஞ்சம் தரட்டுமா?"

அதுக்கும் தலைதான்.

ஒரு நாள் விடிகாலையில நல்லபெருமாள் டப்பாவைத் திறந்தாரு. முந்தின நாள் வெறும் தூத்தல்தான். ஆனா பாட்டில்ல தண்ணி கால்வாசி நிக்குது.

கிளாஸ்ல ஊத்திப் பாத்தாரு. திரும்ப ஒரு தடவை ஊத்திப் பாத்தாரு. மைக்குக்கு ஓடினாரு.

மறுநாளும் தண்ணி. அதுக்கு அடுத்த நாளும்.

ஆவுடையப்பன்னு ஒரு சம்சாரி, ஊருல உழவுக்கு நல்ல ஜோடி மாடு வச்சிருக்கிறவரு, பாறைக்கே ஏறி வந்துட்டாரு.

"டைம்கீப்பரே, எங்க மாட்டு முதுகுகூட நனையலையே."

"மாட்டை வச்சா மழையை அளப்பாங்க? மாடு நகரும்."

"சரி, மண்ணு நகராதுல்ல? அதுவும் காஞ்சுதான் கெடக்கு."

"மண்ணு குடிச்சிரும். டப்பா குடிக்காது."

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னாரு. அது ஒண்ணும் சொல்லல. இறங்கிப் போயிட்டாரு.

அன்னைக்கு மத்தியானம் நல்லபெருமாள் எல்லா நாள் மில்லியையும் கூட்டிப் போட்டாரு. வெத்தலையைத் துப்பிட்டு வாயைக் கொப்புளிச்சாரு. மைக்கை எடுத்தாரு.

"பொதுமக்கள் கவனத்திற்கு. மழை போதும். நாளைக் காலையில் உளுந்து விதைக்கலாம். தாமதிப்பவர்களுக்கு மடம் பொறுப்பல்ல."

அம்மா உள்ள விளக்குத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. தலையை நிமித்தல.

மறுநாள் காலையிலயும் டப்பாவுல தண்ணி. நல்லபெருமாள் கிளாஸை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, புதுப் பொண்ணு பால் செம்பு கொண்டு வர்ற மாதிரி அம்மா முன்னால வந்து நின்னாரு.

"பாருங்கம்மா. இன்னைக்கும்."

அம்மா கிளாஸை வாங்கினாங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க.

குடிச்சுட்டாங்க.

"அம்மா, அது கணக்கு. கணக்கைப் போய்க் குடிக்கலாமா?"

அம்மா மூஞ்சி சுருங்குச்சு. மிச்சத்தை அவரு கையில கொடுத்தாங்க.

"குடிங்க."

குடிச்சாரு.

உப்பு.

முள்ளிச்செவல் ஊர்க் கெணத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்லலையே. அந்தத் தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சிரும். சோப்புப் போட்டா நுரை வராது, கோவம்தான் வரும். குடிக்கிறதுக்கு லாரித் தண்ணிதான். அந்தக் கெணத்து உப்பு நாக்குல பட்டா, கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த ஊருக்காரன் கண்டுபிடிச்சிருவான்.

"அம்மா..."

"வானத்துல எப்ப அண்ணாச்சி கெணறு வெட்டினாங்க?"

நல்லபெருமாள் அப்படியே உக்காந்துட்டாரு. யாரோ டப்பாவுல கெணத்துத் தண்ணியை ஊத்தியிருக்காங்க. ஒரு நாள் இல்ல, தினமும். அதைத்தான் இவரு மழைன்னு சொல்லியிருக்காரு. அதைக் கேட்டுத்தான் ஊரு இந்நேரம் விதைச்சுக்கிட்டு இருக்கும்.

"மைக்குல சொல்லிரட்டுமா?"

அம்மா கிளாஸை வாங்கிக் கவுத்து வச்சாங்க.

"சொன்னா இனிமே ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டானேம்மா. மேகம் மூடிக்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்கே ஒரு நல்ல மழை வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்ல?"

"வருமா?"

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்?"

"நேத்து தெரிஞ்சுதே."

நல்லபெருமாள் எந்திரிச்சாரு. மைக்குக்குப் போனாரு. சுவிட்சைத் தட்டினாரு. திரும்பத் தட்டினாரு.

கரண்டு இல்ல.

திரும்பி அம்மாவைப் பாத்தாரு. அம்மா அவரு காலைப் பாத்தாங்க.

அந்த வயசுல அந்த மனுசன் அப்படி ஓடி யாரும் பாத்ததில்ல. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பழக்க தோசத்துல விசிலை வேற ஊதிக்கிட்டு, பாறையை விட்டு இறங்கி ஓடினாரு. மடத்து நாய்க்கு என்ன தெரியும், அதுவும் கூடவே ஓடுச்சு.

முதல் காட்டுல ஆவுடையப்பன் மாட்டைப் பூட்டி நிப்பாட்டியிருந்தாரு. விதைப் பெட்டி வரப்புல இருந்துச்சு. நிறைஞ்சு இருந்துச்சு.

"விதைக்காதீங்க. விதைக்காதீங்க."

"என்ன டைம்கீப்பரே, பஸ் கேன்சலா?"

"கேன்சல். என் தப்பு. அது மழை இல்ல."

"நல்ல வேளை, நாங்க இன்னும் ஏறவே இல்ல."

"ஏன்?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிஞ்சாரு. "பக்கத்துக் காட்டுக்காரன் மொதல்ல விதைக்கட்டும்னு பாத்தேன்."

பக்கத்துக் காட்டுக்குப் போனா, அவன் ஆவுடையப்பன் விதைக்கட்டும்னு பாத்தானாம். அதுக்கு அடுத்த காட்டுல ஒருத்தன் உண்மையைச் சொல்லிட்டான்.

"நேத்து சாயங்காலமே விரலை விட்டுப் பாத்துட்டோம் சாமி. நகக்கண்ணு அளவுக்குக்கூட ஈரம் இல்ல. உங்ககிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..."

நல்லபெருமாளுக்கு உயிரும் வந்துச்சு, மானமும் போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா மனுசன் மூஞ்சி எப்படி இருக்கும்? இந்தா, இப்படி இருக்கும்.

"அப்ப யாருமே விதைக்கல?"

எல்லாரும் பாறைப் பக்கம் பாத்தாங்க. ஆவுடையப்பன்தான் மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் பின்னாலயே வந்து சொன்னாரு.

"தங்கப்பழம் விதைச்சுக்கிட்டு இருக்கா."

"நீங்க யாரும் அவகிட்டச் சொல்லலையா?"

"சொன்னோம். அவ மைக்குக் குழாயைக் கையைக் காட்டிட்டுத் திரும்பிக்கிட்டா."

நல்லபெருமாள் பாறைக்கடிக்கு ஓடினாரு. ஊரே பின்னால வந்துச்சு.

தங்கப்பழம் மடியில பெட்டியைக் கட்டிக்கிட்டு, கையை வீசி வீசி விதைச்சுக்கிட்டு இருந்தா. காட்டுல பாதி முடிஞ்சிருந்துச்சு. விதையை மூடி உழுறதுக்கு மாடு வரல, அது ஒண்ணுதான் பாக்கி.

"தாயி, நிறுத்து. விதைக்காத."

அவ நிறுத்தல. குழாயைக் கையைக் காட்டினா.

"அந்தக் குழாய்ல பேசினவன்தான் தாயி சொல்றேன். அது மழை இல்ல. எந்தச் சண்டாளியோ, சண்டாளனோ கெணத்துத் தண்ணியைக் கொண்டாந்து டப்பாவுல ஊத்தியிருக்கு. உப்புக் கரிக்குது. நான் குடிச்சே பாத்துட்டேன்."

தங்கப்பழம் கை அப்படியே நின்னுச்சு. விரல் இடுக்குல இருந்து ரெண்டு உளுந்து கீழ விழுந்துச்சு.

வரப்புல அவ செம்பு இருந்துச்சு. நல்லபெருமாள் செம்பைப் பாத்தாரு. அவளைப் பாத்தாரு.

"நீயா?"

தலையாட்டினா.

ஊரு செம்பைப் பாத்துச்சு, டைம்கீப்பரைப் பாத்துச்சு. அப்புறம் சிரிப்பு வெடிச்சுது பாருங்க. அவ ஊத்தின தண்ணியை இவரு அளந்து சொல்ல, இவரு சொன்னதை நம்பி அவ விதைக்க. ஆவுடையப்பன் மாட்டு மேலயே சாஞ்சுட்டாரு.

"டைம்கீப்பரே, பொட்டு வைக்கக் கூடாதுன்னீங்க, மாலை போடக் கூடாதுன்னீங்க. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்லலையே."

தங்கப்பழம் சிரிக்கல. தான் விதைச்ச காட்டையே பாத்துக்கிட்டு நின்னா. கண்ணுல தண்ணி இல்ல. ஆனா பெட்டியில மிச்சம் இருந்த உளுந்தைக் கையால பொத்திக்கிட்டா. பொத்தின கையைப் பாத்ததும் ஒவ்வொருத்தராச் சிரிப்பை நிறுத்தினாங்க.

அப்பத்தான் அம்மா பாறையை விட்டு மெதுவா இறங்கி வந்தாங்க.

யாரையும் பாக்கல. நேரா காட்டுக்குள்ள இறங்கினாங்க. குத்த வச்சு உக்காந்தாங்க. மண்ணுல இருந்து ஒரு உளுந்தைப் பொறுக்கி மடியில போட்டாங்க. இன்னொண்ணு. இன்னொண்ணு.

கரிச மண்ணு கறுப்பு. உளுந்தும் கறுப்பு. ஊதிப் பாத்தாத்தான் மண்ணா விதையான்னு தெரியும்.

"அம்மா, நீங்க ஏன்... எந்திரிங்கம்மா."

அம்மா பொறுக்கிக்கிட்டே இருந்தாங்க.

நல்லபெருமாளும் உக்காந்தாரு. ஆவுடையப்பன் மாட்டை அவுத்து ஒரு ஓரமாக் கட்டிட்டு வந்து உக்காந்தாரு. அப்புறம் ஊரே காட்டுக்குள்ள குத்த வச்சுக்கிடுச்சு. புறா ரெண்டு வந்து பாத்துட்டு, இங்க நமக்கு ஒண்ணும் மிஞ்சாதுன்னு பறந்து போயிருச்சு.

தங்கப்பழமும் ஒரு ஓரத்துல பொறுக்கினா.

வெயில் ஏறுச்சு. இடுப்பு விட்டுப் போச்சு. கண்ணு பூத்துப் போச்சு. மத்தவங்க வாயை மூடிக்கிட்டுப் பொறுக்கினாங்க. நல்லபெருமாளால முடியுமா? ஒவ்வொரு உளுந்துக்கும் ஒரு முனகல்.

"டப்பாங்கிறது வானத்துக்கு வச்சது. அதுல மனுசன் கை படலாமா?"

ஒரு உளுந்து.

"எத்தனை வருசமாக் கட்டிக் காத்த பேரு. ஒரு செம்புல கரைச்சுட்டா."

ஒரு உளுந்து.

"ஊத்துறதுதான் ஊத்துற, ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊத்தியிருக்கலாம்ல?"

அம்மா நிமிந்து பாத்தாங்க. திரும்பக் குனிஞ்சுக்கிட்டாங்க.

நல்லபெருமாளுக்குப் பொறுக்கல. பொறுக்கின உளுந்தை உள்ளங்கையில வச்சுக்கிட்டு, ஊரே கேக்க, பஸ் ஸ்டாண்டுக் குரல்லயே கேட்டாரு.

"கேக்கிறேன், எல்லாரும் இருக்காங்க, பதில் சொல்லு. டப்பாவுக்குள்ள எதுக்குத் தண்ணியை ஊத்தின?"

அவ தலையாட்டுவான்னு எல்லாரும் பாத்தாங்க.

தங்கப்பழம் கையில இருந்த மண்ணைத் தட்டினா.

"வாய் காஞ்சு நிக்குதேன்னு ஊத்தினேன் சாமி. நீங்க எதுக்கு அளந்தீங்க?"